மாவிளக்கு ஏன் இளகுகிறது? – ஆடிப் பண்டிகைக் கேள்வி பதில்

ஆடி பிறந்தால் சேலத்து வாசகர்களின் கேள்விகளெல்லாம் மாரியம்மனைப் பற்றித்தான். கோட்டை மாரியம்மன் பண்டிகையை ஒட்டி வந்தவற்றில், பலருக்கும் பயன்படும் கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதில்கள் சேலம் வட்டார வழக்கை ஒட்டியவை. உங்கள் குலத்திலோ தெருவிலோ முறை வேறாக இருந்தால் அதையே கடைப்பிடியுங்கள்.

கேள்வி: மாவு பிசையும்போது சரியாகத்தான் இருக்கிறது. கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் விளக்கு தளர்ந்து, குழி சரிந்து நெய் வழிந்துவிடுகிறது. மூன்று வருடமாக இதே கதை. எங்கே தவறு? – வாசகி, அம்மாபேட்டை

பிசையும்போது தண்ணீர் தெளிக்கிறீர்கள், அதுதான் காரணமாக இருக்கும். வெல்லம் சேர்ந்த மாவு பிசைந்த உடனே உதிரியாகத் தெரியும். அதைப் பார்த்து, போதவில்லை என்று ஒரு கை தண்ணீர் தெளிப்போம். பத்து நிமிடம் போனால் மாவின் ஈரத்தை வெல்லம் இழுத்துக்கொண்டு தானே இளகும். தெளித்த தண்ணீரும் அதோடு சேர்ந்தால் விளக்கு நிற்காது.

அரைக் கிலோ பச்சரிசிக்குக் கணக்குச் சொல்கிறோம். அரிசியைக் களைந்து ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். நீரை முழுக்க வடித்து, பழைய வேட்டியில் பரப்பி நிழலில் 15 முதல் 20 நிமிடம் உலர்த்துங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் அரிசி கையில் ஒட்ட வேண்டும், உள்ளங்கை நனையக் கூடாது. அதுதான் பதம். உரலில் இடித்தால் நல்லது. மிக்ஸி என்றால் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். ஜார் சூடேறினால் மாவும் சூடாகி ஈரம் போய்விடும். மாவை நைஸ் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள்.

வெல்லம் 250 கிராம் போதும். அரிசியும் வெல்லமும் சமம் என்று சில வீடுகளில் போடுகிறார்கள். சாப்பிடச் சுவைதான், ஆனால் விளக்கு தாங்காது. வெல்லத்தை நுணுக்கி, ஏலக்காய் நான்கு, சுக்குப் பொடி ஒரு சிட்டிகை சேர்த்து மாவோடு கலந்து உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள். தண்ணீர் வேண்டாம். மூடி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள், திரண்டு வரும். அப்போதும் உதிர்ந்தால் ஒரு ஸ்பூன் நெய் விடுங்கள். இளகினால் போட்டுப் பிசைய, சலித்த மாவில் ஒரு பிடியை முதலிலேயே தனியாக எடுத்து வைத்திருங்கள். இந்த ஒரு பிடிதான் பலருடைய விளக்கைக் காப்பாற்றுகிறது.

வெல்லம் வாங்கும்போதும் கவனம் வேண்டும். பளிச்சென்று எலுமிச்சை மஞ்சளில் இருப்பது நிறம் போக்கிய வெல்லம். சர்க்கரை கலந்தது கல்லாக இறுகி, மாவில் குழையாமல் மணல் மணலாக நிற்கும். செவ்வாய்ப்பேட்டை மண்டிப் பக்கம் வாங்கினாலும் தெருக்கோடிக் கடையில் வாங்கினாலும், கருத்த பழுப்பு நிறமாக, நகத்தால் கீறினால் பிசுபிசுப்பதாகப் பார்த்து எடுங்கள்.

விளக்கின் அடியைத் தட்டையாக அழுத்தி விடுங்கள். குழி ஒன்றரை அங்குல அகலம், ஓர் அங்குல ஆழம். சுற்றுச் சுவர் இரண்டு விரல் கனத்துக்குக் குறையக் கூடாது. திரி பருமனாக இருந்தால் சுடர் பெரிதாகி, அந்தச் சூட்டில் சுவரில் உள்ள வெல்லம் உருகும். நான்கு இழைப் பஞ்சுநூல் போதும், திரி குழியின் நடுவில் நிற்கட்டும். நெய்யை வீட்டிலேயே நிரப்பாமல் சின்னக் கிண்ணத்தில் கொண்டுபோய்ச் சந்நிதியில் விட்டு ஏற்றுங்கள்.

விளக்கு மலையேறிய பிறகு நெய் ஊறிய நடுப்பகுதியை முதலில் எல்லோருக்கும் பகிர்ந்து கொடுங்கள். இது பச்சை மாவு, ஈரமாவும்கூட. மாலைக்குள் தீர்த்துவிட வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் புளித்துப்போகும், குழந்தைகளுக்கு வயிற்றைக் கெடுக்கும்.

கேள்வி: மற்ற தெய்வங்களுக்குச் சர்க்கரைப் பொங்கல், வடை என்று சமைத்துப் படைக்கிறோம். மாரியம்மனுக்கு மட்டும் ஏன் பச்சை மாவும் இளநீரும்? – கல்லூரி மாணவி, ஓமலூர்

விடை அவள் கதையில் இருக்கிறது. ஜமதக்கினி முனிவரின் மனைவி ரேணுகாதேவி. கற்பின் வலிமையால் ஆற்று மணலிலேயே குடம் பிடித்து நீர் முகந்து வருவாள். ஒருநாள் வானில் போன கந்தர்வனின் நிழல் நீரில் தெரிய, அந்த அழகை ஒரு கணம் வியந்தாள். மணல் குடமாகவில்லை. முனிவர் கோபத்தில் தாயின் தலையை வெட்டும்படி மகன் பரசுராமனுக்குக் கட்டளையிட்டார். ரேணுகா ஓடிப்போய் ஒரு சேரிப் பெண்ணிடம் அடைக்கலம் புகுந்தாள். குறுக்கே நின்ற அந்தப் பெண்ணின் தலையும் சேர்ந்தே வீழ்ந்தது. சொன்னதைச் செய்த மகனுக்கு முனிவர் வரம் தர, அவன் தாயின் உயிரையே கேட்டான். அவசரத்தில் தலைகளை மாற்றி வைத்துவிட்டான். ரேணுகாவின் தலையும் அந்தப் பெண்ணின் உடலுமாக எழுந்தவளே மாரியம்மன். பல கோயில்களில் அம்மனின் சிரசை மட்டும் தனியே வைத்து வழிபடுவதற்கு இந்தக் கதையைத்தான் காரணமாகச் சொல்வார்கள்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் கதையின் இன்னொரு வடிவத்தில் இருக்கிறது. கணவர் கொலையுண்டபின் ரேணுகா தீயில் இறங்குகிறாள். இந்திரன் மழை பெய்வித்துத் தீயை அணைக்கிறான். உடையெல்லாம் எரிந்து உடம்பெங்கும் கொப்புளத்தோடு எழுந்தவள், பக்கத்திலிருந்த வேப்பிலையைப் பறித்து ஆடையாகச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் வந்து பசி என்கிறாள். அடுப்பு மூட்டிச் சமைக்க நேரமில்லை. ஊரார் பச்சரிசி மாவும் வெல்லமும் பானகமும் இளநீரும் கொடுக்கிறார்கள். உண்டு குளிர்ந்தவளை, அம்மை கண்டவர்களைக் காக்கும் தெய்வமாக இருக்கும்படி சிவபெருமான் அருளுகிறார்.

இந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் பண்டிகையில் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வெந்த உடம்புக்கு எது இதமோ அதுதான் படையல். துள்ளுமாவு, கூழ், மோர், வேப்பிலைச் சேலை, மஞ்சள் தண்ணீர் எல்லாமே குளுமை. காப்புக் கட்டிய வீடுகளில் எண்ணெய் காயவைத்துத் தாளிக்காமல் இருப்பதும் அதனால்தான். வீட்டில் ஏதாவது செய்யலாமா கூடாதா என்ற குழப்பம் வந்தால், அது அம்மனுக்குச் சூடா குளுமையா என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் கேள்விகள் அங்கேயே தீரும்.

கேள்வி: தெருவுக்குத் தெரு மாரியம்மன் இருக்கும்போது கோட்டை மாரியம்மனைப் ‘பெரிய’ மாரியம்மன் என்பது ஏன்? – வாசகர், குகை

சேலத்தில் கோட்டை இருந்த காலத்தில் அதற்குக் காவலாக நின்றவள் என்பது ஊர் வழக்கு. திருமணிமுத்தாற்றின் கரையில், அழகிரிநாதர் கோயிலும் பக்கத்திலேயே இருக்க, கோட்டைக்குள் பெருமாளும் கோட்டைக்குக் காவலாக மாரியும் என்று அமைந்த இடம் அது. அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை, குகை, அன்னதானப்பட்டி, பொன்னம்மாபேட்டை, சின்னக்கடை வீதி என்று பேட்டைதோறும் இருக்கும் மாரியம்மன்களுக்கு இவளே மூத்தவள். எட்டுப் பேட்டைக்கும் தலைவி என்று சொல்வதும் இதனால்தான்.

கோட்டையில் பூச்சாட்டினால் மற்றக் கோயில்களிலும் பண்டிகை தொடங்கிவிடும். பூச்சாட்டு, கம்பம் நடுதல், சக்தி அழைத்தல், சக்தி கரகம், புதன்கிழமைப் பொங்கல், மாவிளக்கு, உருளுதண்டம், கடைசியில் மஞ்சள் நீராட்டு என்று போகும். உங்கள் குகைப் பகுதியின் வண்டி வேடிக்கை தனி அழகு. சாமி வேடமிட்டவர்கள் மணிக்கணக்கில் அசையாமல் வண்டியில் நிற்கிறார்களே, அதுவும் ஒரு நேர்த்திதான்.

கேள்வி: கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். கம்பம் என்பது யார்? என்ன தண்ணீர் ஊற்ற வேண்டும்? – வாசகி, கொண்டலாம்பட்டி

மூன்று கவராகப் பிரியும் மரக்கிளையை வெட்டி, மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி அம்மனுக்கு எதிரே நடுவதுதான் கம்பம். கொங்கு வட்டாரம் முழுக்க அதை அம்மனின் கணவனாகக் கருதுகிறார்கள். நட்ட நாள் முதல் பிடுங்கும் நாள் வரை அவள் சுமங்கலி. பண்டிகை முடிந்து கம்பத்தைப் பிடுங்கி நீரில் விட்டதும் மங்கலம் இறங்கிவிடுகிறது. கடைசி நாளில் கம்பம் எடுக்கும்போது வயதான பெண்கள் கண் கலங்குவதைப் பார்த்திருப்பீர்கள்.

விடியுமுன் தலைக்குக் குளித்து, ஈரத்துணியோடு, ஒரு குடம் நீரில் மஞ்சள் பொடி அரை ஸ்பூன், ஒரு கொத்து வேப்பிலை போட்டுக் கொண்டுபோங்கள். அடியில் ஊற்றினால் போதும். தலைக்கு மேல் தூக்கி உச்சியிலிருந்து வேகமாகக் கொட்ட வேண்டாம். கம்பத்தின் மேல் அக்கினி வைக்கும் கோயில்களில் தீ அணைந்துவிடும், சூடான சட்டியும் வெடிக்கும். பாலைப் பாக்கெட்டோடு கொண்டுவந்து ஊற்றுவது இப்போது பெருகிவிட்டது. வெயில் ஏறியதும் அடிமண்ணில் பால் புளித்து ஈ மொய்க்கிறது. கம்பத்துக்கு உரியது தண்ணீர்தான், பாலை அபிஷேகத்துக்குக் கொடுங்கள்.

கரகத்துக்கும் கம்பத்துக்கும் ஆற்று நீர் எடுப்பதே பழைய முறை. நகரத்துக்குள் திருமணிமுத்தாறு இன்று இருக்கும் நிலையில் அந்த நீரைத் தொட முடியாது. அந்த வேதனை இருக்கட்டும், கிணற்று நீரோ காவிரிக் குழாய் நீரோ தாராளமாக எடுக்கலாம்.

கேள்வி: முதன்முறையாக நூறு பேருக்குக் கூழ் ஊற்றப் போகிறோம். அளவும் பக்குவமும் தேவை. – இளைஞர்கள், அன்னதானப்பட்டி

ஆளுக்கு ஒரு பெரிய டம்ளர், 300 மில்லி என்று வைத்தால் 30 லிட்டர் கூழ் வேண்டும். கேழ்வரகு மாவு மூன்றரைக் கிலோ, பச்சரிசி நொய் ஒன்றரைக் கிலோ, மோர் 5 லிட்டர், சின்ன வெங்காயம் 2 கிலோ, உப்பு ருசிக்கு.

ஞாயிறு காலை ஊற்றுவதென்றால் வெள்ளி இரவே வேலை தொடங்குகிறது. மாவை 7 லிட்டர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து மூடி வையுங்கள். சனி காலை லேசாகப் புளித்த வாசம் வரும். மதியத்துக்கு மேல், அடி கனத்த பாத்திரத்தில் 10 லிட்டர் தண்ணீர் கொதிக்கவிட்டு நொய்யைப் போட்டு நன்றாக மலர வேகவையுங்கள். தீயைக் குறைத்துவிட்டுக் கரைத்த மாவை ஒருவர் மெல்ல ஊற்ற, இன்னொருவர் துடுப்பால் கை நிற்காமல் கிளற வேண்டும். உலர்ந்த மாவைக் கொதிநீரில் கொட்டினால் வெளியே வெந்து உள்ளே பச்சையாக உருண்டைகள் நிற்கும், அப்புறம் கரைக்கவே முடியாது. வெந்ததற்கு அடையாளம்: கையைத் தண்ணீரில் நனைத்துக் களியைத் தொட்டால் ஒட்டக் கூடாது.

இரவு முழுக்க ஆறட்டும். காலையில் உப்பு, மோர், தண்ணீர் விட்டுக் கையால் கரைத்து, வெங்காயம் கலந்தால் கூழ் தயார். ஈயம் பூசாத பித்தளை அண்டாவில் இரவு வைக்காதீர்கள், புளிப்பு உலோகத்தைக் கரைத்துவிடும். மண் பானை அல்லது எவர்சில்வர். அடிப்பிடித்துவிட்டால் சுரண்டாமல் மேலாக உள்ளதை உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். சுரண்டினால் தீய்ந்த நாற்றம் அத்தனையிலும் ஏறும். தொட்டுக்கொள்ள மாங்காயும் பச்சை வெங்காயமும் அருமை.

கேள்வி: அக்கினி கரகம் எடுக்க வேண்டுதல். போன வருடம் பக்கத்தில் வந்தவரின் சட்டி நடுவழியில் விரிந்துவிட்டது. அப்படி ஆகாமல் இருக்க? – வாசகி, பொன்னம்மாபேட்டை

சட்டியைக் கடைசி நாளில் வாங்காதீர்கள். பத்து நாள் முன்னால் வாங்கி, விரல் முட்டியால் தட்டுங்கள். கணீர் என்றால் நன்றாக வெந்த சட்டி. சத்தம் அடைத்துக் கேட்டால் எங்கோ கீறல் இருக்கிறது. ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து இரண்டு நாள் வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். உள்ளே ஈரம் தங்கிய சட்டியில் தீயை வைத்தால்தான் விரிகிறது. அடியில் சலித்த சாம்பலோ உலர்ந்த மணலோ மூன்று விரல் உயரம் போட வேண்டும். இது இல்லாவிட்டால் சூடு நேராக அடியில் இறங்கி, சட்டிக்கும் ஆபத்து, உங்கள் உள்ளங்கைக்கும் ஆபத்து.

வேப்பங்கட்டையும் கொட்டாங்குச்சியும் வைத்து மூட்டி, சுவாலை அடங்கிக் கங்கான பிறகே கையில் எடுங்கள். கொட்டாங்குச்சி பச்சையாக எரியும்போது பொறி தெறிக்கும். வழியில் தணிந்தால் கற்பூரம் ஒவ்வொரு வில்லையாகப் போடலாம். மண்ணெண்ணெய், பெட்ரோல் எந்தக் காரணம் கொண்டும் வேண்டாம். அணைந்ததுபோல் இருக்கும் கங்கில் ஊற்றியவர்களின் கைக்கே தீ ஏறி வந்திருக்கிறது.

கைக்கும் சட்டிக்கும் நடுவில் வேப்பிலைக் கொத்தைக் கனமாக வையுங்கள். பருத்திச் சேலை மட்டும் உடுத்துங்கள், நைலான், பாலியெஸ்டர் கூடாது. முந்தானையை இடுப்பில் செருகி, கூந்தலைக் கொண்டையாகக் கட்டிவிடுங்கள். ஒருவர் வாளித் தண்ணீரோடு கூடவே வரட்டும். அந்தத் தண்ணீர் உங்கள் பாதத்துக்கும் தார் ரோட்டுக்கும்தான், சூடான சட்டியில் ஒரு துளிகூடப் படக் கூடாது. கையில் சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மாவு, இங்க், பற்பசை எதுவும் பூசாதீர்கள். கொப்புளம் பெரிதென்றால் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: பேரனுக்கு அம்மை போட்டிருக்கிறது. டாக்டரிடம் போனால் அம்மனுக்குக் கோபம் வரும் என்கிறார் அத்தை. மூன்றாவது தண்ணீர் ஊற்றியதும் கோயிலுக்குக் கூட்டிப் போகலாமா? – பாட்டி, நெத்திமேடு

அம்மா, முதலில் பயத்தை விடுங்கள். நம் முன்னோர் நடுங்கிய பெரியம்மை இன்று உலகிலேயே இல்லை. இந்தியாவில் கடைசியாகக் கண்டது 1975இல். உலகம் முழுக்க ஒழிந்தது என்று 1980இல் அறிவித்துவிட்டார்கள். இப்போது குழந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் சின்னம்மை.

வீட்டில் செய்யும் முறைகளில் பல நல்லவை. தனி இடத்தில் படுக்க வைப்பது, சொறியாமல் வேப்பிலைக் கொத்தால் வருடுவது, இளநீர், மோர்ச்சாதம், வெளியாட்களை வீட்டுக்குள் விடாமல் இருப்பது, எல்லாம் நோய் பரவாமலும் குழந்தை தளராமலும் பார்த்துக்கொள்கின்றன. ஆனால் மருத்துவரிடம் போகக் கூடாது என்று அம்மன் கதை எங்கும் சொல்லவில்லை. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் அளவு கேட்டுக் கொடுக்கலாம். ஆஸ்பிரின் மட்டும் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. மூச்சுத் திணறல், விடாத வாந்தி, தூங்கிக்கொண்டே இருத்தல், முத்தைச் சுற்றிச் சிவந்து வீங்குதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே கூட்டிப்போங்கள். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் தாமதிக்காமல் கேளுங்கள்.

தண்ணீர் ஊற்றியதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், முத்துகளைப் பாருங்கள். முத்து தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்து, கடைசி முத்தும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை ஒட்டும். புதிதாக ஒரு முத்தும் வராமல் எல்லாம் காய்ந்த பிறகு கோயிலுக்குப் போகலாம். அதுவரை தீர்த்தத்தை யாரையாவது வாங்கிவரச் சொல்லுங்கள்.

கேள்வி: உருளுதண்டம் போட்டால் பாதியில் தலை சுற்றி வாந்தி வருகிறது. – வாசகர், செவ்வாய்ப்பேட்டை

முழு வயிறும் ஆகாது, வெறும் வயிறும் ஆகாது. ஒரு மணி நேரம் முன்பு அரை டம்ளர் பானகம் குடியுங்கள். கைகளைத் தலைக்கு மேல் நீட்டிக் கூப்பிக்கொண்டு, கழுத்தைத் திருப்பாமல் இடுப்பின் வலுவில் உருளுங்கள். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை நின்று, கண்ணைத் திறந்து கோபுரத்தைப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டே உருள்பவர்களுக்குத்தான் அதிகம் சுற்றும். கழுத்து எலும்புத் தேய்வு, காது சம்பந்தமான தலைசுற்றல், கர்ப்பம் இருப்பவர்கள் அடிப்பிரதட்சணமாக மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: உப்பும் மிளகும் எவ்வளவு கொட்ட வேண்டும்? – வாசகி, சின்னக்கடை வீதி

ஒரு கைப்பிடி கல்லுப்பு, ஒரு ஸ்பூன் மிளகு போதும். பாலித்தீன் பையோடு வீசாமல் பிரித்துக் கொட்டுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் குகையில் இருக்கும் அம்மன் மாரியம்மனா? – வாசகர், அஸ்தம்பட்டி

இல்லை, அவள் காவேரியம்மன். சேர்வராயனும் காவேரியும் ஒரே குகையில் இருக்கிறார்கள். 5,326 அடி உயரத்தில், ஏரியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, மலையுச்சி சமவெளியில் இருக்கிறது கோயில். மலைக்கே அவர் பெயர்தான். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் வழியாக மலைக்கு வந்தவர்கள் என்று தங்கள் வரலாற்றைச் சொல்லும் மலையாளிப் பழங்குடி மக்களின் தெய்வம் அவர். குகை உள்ளே போய்க் காவிரியோடு சேர்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அடிவாரத்து மாரி நெருப்பிலிருந்து எழுந்தவள், மலை மேல் இருப்பவள் ஆறாகவே இருப்பவள். இரண்டு பேரிடமும் நாம் கேட்பது மழைதான்.

பெருந்திருவிழா மே மாத வாக்கில், வைகாசியை ஒட்டி. அன்று மலைக் கிராமங்கள் அத்தனையும் அங்கே கூடும், வண்டியைத் தொலைவிலேயே நிறுத்தி நடக்க வேண்டியிருக்கும். குகை வாசல் தாழ்வு. குனிந்தபடியே உள்ளே போய், நிமிராமல் அப்படியே திரும்புங்கள், நெற்றியில் பாறை இடிக்கும். உள்ளே காற்றோட்டம் குறைவு. கற்பூரத்தைப் பூசாரியிடம் கொடுத்துவிடுங்கள், நீங்களாக ஏற்றினால் பின்னால் நிற்பவர்களுக்கு மூச்சு முட்டும். கீழே வெயில் அடித்தாலும் மேலே காற்று பலமாக வீசும். குழந்தைகளுக்குச் சுவெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சு இறங்கினால் பத்தடி தூரம்கூடத் தெரியாது. 20 கொண்டை ஊசி வளைவையும் வெளிச்சத்திலேயே இறங்கிவிடும்படி கிளம்புங்கள்.